வலிப்பு நோயின் மறுபாதி

லண்டன் நகரத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வைத்தியத் தொழிலும் வலிப்பு நோயும் ஒருங்கே வாய்த்த ஒருவர் இருந்தார். நுரையீரல் கோளாறு இருப்பதாகச் சொல்லி ஒரு தாய் அழைத்துவந்த இளைஞனை அவர் பரீட்சிக்க எண்ணிச் சட்டையைக் கழற்றும்படி சொன்னார். அவன் கழற்றிக்கொண்டிருக்கும்போதே தமக்கு வழக்கமாக வரும் சிறு வலிப்பின் முன்குறி தோன்றியதால், பேச்சுக் கொடுக்க நேராதிருக்கும் பொருட்டு ஸ்டெதாஸ்கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முகத்தைச் சற்றே திருப்பிக்கொண்டார். அதற்கப்பால் அவருடைய ஞாபகத்தில் இருந்தது, அதே அறையில் எழுது மேஜையின்முன் அமர்ந்து வேறொருவருடன் தாம் பேசிக்கொண்டிருந்தது மட்டுமே. இளைஞனைக் காணோம். ஒரு மணி நேரம் கழித்து அவனைப் படுக்கையில் கண்டபோது, இடது நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா என்று தாமே எழுதியிருந்த குறிப்பும் அங்கே இருந்தது. தாம் அவனைப் பரீட்சித்ததும், நோயை நிர்ணயித்ததும், உடனே போய்ப் படுக்கும்படி புத்தி சொன்னதும் பிறர் பேச்சிலிருந்து அவருக்குத் தெரியவந்தன. ஆவல் மேலிட மறுபடியும் சோதித்துப் பார்த்தார்; நினைவின்றிச் செய்த நிர்ணயமும் நினைவோடு செய்த நிர்ணயமும் ஒன்றாகவே இருந்தன.

அவரே எழுதித் தந்த இந்த வரலாற்றை, நரம்பியல் முன்னோடிகளுள் ஒருவரான ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன் 1888-ஆம் ஆண்டில் 'பிரெயின்' என்னும் சஞ்சிகையில் வெளியிட்டபோது, பெயரை மறைத்து 'இஸட்' என்ற எழுத்தால் அவரைக் குறித்தார். அவர் ஆர்தர் தாமஸ் மையர்ஸ் என்னும் வைத்தியரே என்பதைச் சரித்திர ஆராய்ச்சியாளர் துப்புத் துலக்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன. 1894-இல் அவர் காலமான பின்னர் மூளையைத் திறந்து பார்த்ததில், காதுக்கு உட்புறமாக அமைந்த பக்கமடலின் இடப்பக்கத்து உள்மடிப்பில் ஒரு சிறு குழிவு தென்பட்டது. காது கேட்டது, கை எழுதியது, பல்லாண்டுப் பயிற்சியால் பெற்ற வைத்திய ஞானம் பிசகின்றி வேலை செய்தது. நடந்ததை நடந்ததாக மனத்தில் நிறுத்தும் காரியம் ஒன்று மட்டுமே அந்தச் சில நிமிஷங்களில் நடைபெறாது போயிற்று. மறதியுள்ளவன் மந்தன் என்று துணிந்து சொல்லும் நம்முடைய பழைய வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுவதில்லை.

வலிப்பு என்றவுடனே நம் மனக்கண்முன் வருவன, வெட்டி இழுக்கும் கைகால்களும், வாயில் தள்ளிய நுரையும், சாவிக்கொத்தைத் தேடி ஓடும் கூட்டமும்தாம். (பெரும்பாலான வலிப்புகள் இரண்டொரு நிமிஷத்தில் தாமாகவே ஓய்ந்துவிடுகின்றன, இரும்புக்கு வந்த கீர்த்தி அதனால் வந்ததேயன்றி வேறில்லை.) உலகம் முழுவதும் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருப்பதாகவும், தக்க சிகிச்சை கிடைத்தால் அவர்களில் நூற்றுக்கு 70 பேர்வரை வலிப்பின்றியே வாழக்கூடுமென்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆயினும் ஃபிட்ஸ் நின்றுவிட்டது என்ற சந்தோஷச் செய்தியோடு உறவினர் விசாரணை முடிந்துவிட, நோயாளியோ, அடுப்பில் பாலை வைத்ததை மறப்பவராகவும், பிற்பகல் மூன்று மணிக்கே உடலெல்லாம் கழன்றாற்போல் அயர்பவராகவும் நாளைக் கழித்துக்கொண்டிருப்பார். வருஷத்தில் சில நிமிஷங்களே நீடிக்கும் வலிப்பை நோய் என்றும், வருஷம் முழுவதும் நீடிக்கும் இவ்விரண்டையும் சோம்பல் என்றும் பெயரிட்டு வழங்குவது நியாயமான பாகுபாடு ஆகாது.

நினைவைப் பதியவைக்கும் வேலையில் பிரதானமான பங்கு வகிப்பது, மையர்ஸின் மூளையில் பழுதுபட்டிருந்த இடத்துக்கு மிக அண்மையில், இரு பக்கமடல்களின் உட்புறத்திலும் கடற்குதிரை போல வளைந்து கிடக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் உறுப்பு. இது விளங்கியது ஒரு துர்ப்பாக்கியத்தின் வாயிலாக. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி மொலைசன் என்னும் 27 வயது இளைஞருக்கு, வேறு வழியில் அடங்காத வலிப்பை அடக்கும் நோக்கத்துடன், 1953-இல் வில்லியம் ஸ்கோவில் என்னும் அறுவை வைத்தியர் இருபுறத்து ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியையும் எடுத்துவிட்டார். வலிப்பு குறைந்தது, ஆனால் 2008-இல் இறக்கும்வரை மொலைசனுக்குப் புதிய சம்பவம் எதுவுமே மனத்தில் தங்கவில்லை. மான்ட்ரியாலிலிருந்து வந்து அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர் என்னும் அம்மையார் அவருக்கு ஒரு விநோதமான வேலையைக் கொடுத்தார்: இரட்டைக் கோடுகளால் வரைந்த நட்சத்திரம் ஒன்றின் இடைவெளிக்குள்ளேயே பென்சிலை ஓட்ட வேண்டும், ஆனால் கையை நேரே பாராமல் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஓட்ட வேண்டும். முதல் நாள் கோணலும் மாணலுமாக ஓடிய கோடு, மூன்றாம் நாளில் பிசகின்றி ஓடிற்று. அவரைக் கேட்டால், இப்படியொரு வேலையைத் தாம் அதற்குமுன் செய்ததே இல்லை என்றார். சம்பவ ஞாபகம் வேறு, கைப்பழக்கம் வேறு என்பது அன்று ஸ்தாபிதமாயிற்று. அதனால் விளையும் பயனைப் பின்னால் காண்போம்.

நம்முடைய ஊர்களில் நிலம் வாங்குவோர் அறிவர், பத்திரம் எழுதுவது ஒரு காரியம், பதிவு செய்வது இன்னொரு காரியம் என்பதை. கண்ணாலும் காதாலும் வந்ததை ஹிப்போகாம்பஸ் முதலில் எழுதிக்கொள்கிறது. பின்னர் மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும், விசேஷமாக ஆழ்ந்த நித்திரையின்போது, அதை மூளையின் மேற்புறணியோடு சேர்த்து நிரந்தரமாகப் பதிவு செய்கிறது. வலிப்பு நோய் இந்த இரண்டு கட்டங்களிலும் குறுக்கிடக்கூடும். பக்கமடலில் தொடங்கும் வலிப்புள்ளவர் பலருக்கு ஹிப்போகாம்பஸின் நரம்பணுக்கள் மடிந்து, தழும்பேறி, அது சுருங்கியிருப்பதை ஸ்கேனில் காணலாம். இடப்புறம் பழுதானால் சொற்களும் பெயர்களும் கேட்ட செய்திகளும், வலப்புறம் பழுதானால் முகங்களும் இடங்களும் நழுவுவது அநேகமாகக் காணப்படும் இயல்பு. இவையன்றி, வெளியே யாதொரு அறிகுறியும் காட்டாமல், ஒரு விநாடிக்கும் குறைவான காலமே நீடிக்கும் மின் அதிர்வுகள் வலிப்புக்கும் வலிப்புக்கும் இடையிலே மூளையில் எழுந்து அடங்குகின்றன. ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிந்ததன் பயனாக வந்த ஈ.ஈ.ஜி. படத்தில் அவை கூர்முனைகளாகத் தெரியும். அத்தகைய கூர்முனை எழும் க்ஷணத்தில் கேட்கப்பட்ட சொல்லோ, நினைவுக்குக் கொண்டுவர முயன்ற பெயரோ கைநழுவிப் போகலாம் என்று சோதனைகள் காட்டியுள்ளன.

இவற்றுள் மிகவும் மனத்தாங்கலை விளைவிப்பது, பதிவுக் கட்டத்தில் நேரும் பழுதேயாம். ஞாபகப் பரீட்சைக்குச் சென்ற ஒருவருக்கு உளவியலார் ஒரு சிறு கதையை வாசித்துக் காட்டுகிறார். உடனே திருப்பிச் சொல்லச் சொல்கிறார். அரை மணி நேரம் வேறு பேச்சுப் பேசிவிட்டு மறுபடியும் கேட்கிறார். இருமுறையும் பிறரைப் போலவே அவர் சொல்லிவிட, ஞாபகத்துக்கு ஒரு குறையுமில்லை என்று சீட்டு எழுதப்படுகிறது. ஒரு வாரம் கழித்து அதே கதையைக் கேட்டால், கதை இருக்கட்டும், கதை என்று ஒன்றைக் கேட்டதுகூட மங்கலாகவே இருக்கிறது. நடுவயதைக் கடந்தோருக்கு வரும் ஒருவகைப் பக்கமடல் வலிப்பைக் கிறிஸ்டோபர் பட்லர், ஆடம் ஸீமன் முதலான பிரிட்டிஷ் வைத்தியர்கள் 2007-இல் விரிவாக விவரித்தபோது, இந்தத் துரித மறதியையும், சென்றுவந்த யாத்திரை, நடத்திவைத்த கல்யாணம் போன்ற சொந்த வாழ்வின் பெரிய சம்பவங்கள்கூட அழிந்துபோவதையும் சேர்த்தே எடுத்துக்காட்டினர். ஆகவே, பரீட்சையில் தேறிவிட்டாய், வீட்டில் மட்டும் எப்படி மறக்கிறாய் என்று கேட்பவர், பரீட்சை அரை மணி நேரத்தோடு முடிந்துவிட்டது என்பதைக் கவனியாதவர். ஒரு வாரம் விட்டுத் திரும்பக் கேட்கும் சோதனையைச் செய்யும்படி நோயாளி தாமே கோரலாம். கோர வேண்டுமென்பதே என் அபிப்பிராயம்.

மறதியைப் பற்றி இவ்வளவு. அயர்வோ, இதைவிடச் சிக்கலானது. ஏனெனில் மறதிக்கு ஓர் இடத்தைச் சுட்டிக்காட்ட முடிகிறது, அயர்வுக்கு முடிவதில்லை. பெரிய வலிப்பு ஒன்று வந்துபோன பின் தலைவலியும் குழப்பமும் தூக்கமும் சில மணி நேரமோ, சிலருக்கு ஓரிரண்டு நாளோ நிற்பதை யாவரும் ஒப்புக்கொள்வர். வலிப்பே வராத வாரத்திலும் வரும் அயர்வைத்தான் பகுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு நோயாளியின் கையிலிருக்கும் கருவி கடிகாரம். எந்த வேளையில் அயர்வு கனக்கிறது என்பதை இரண்டு வாரம் குறித்துவந்தால், காரணம் பெரும்பாலும் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். காலையில் எழும்போதே அடித்துப்போட்டாற்போல் இருக்கிறது, நாக்கின் ஓரம் கடிபட்டிருக்கிறது, தசையெல்லாம் வலிக்கிறது, தலையணை ஈரமாயிருக்கிறது என்றால், யாரும் அறியாமல் இராத்திரியில் வலிப்பு வந்துபோயிருக்க வேண்டும் என்று ஐயுற இடமுண்டு. பலத்த குறட்டையும் இடையிடையே மூச்சுத் தடைப்படுவதும் உண்டென்று பக்கத்தில் படுப்பவர் சொன்னால், அது தூக்கத்தில் மூச்சடைக்கும் வேறொரு வியாதி. வலிப்புள்ளவரிடையே அது அரிதன்று. அதற்குச் சிகிச்சை செய்தால் சிலருக்கு வலிப்பும் குறைகிறது. மாத்திரை விழுங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் கண் சொருகி, கால் தள்ளாடி, பின்னர் தெளிந்தால், குற்றம் மருந்தின் உச்ச அளவில் இருக்கிறது. நாள் முழுவதும் ஒரே சீராக அயர்ந்து, முன்பு பிடித்திருந்த எதிலும் பிடிப்பற்றுப் போயிருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். வலிப்பு நோயாளிகளிடையே மனச்சோர்வு மிக அதிகம் என்பதும், அது தனிச் சிகிச்சைக்குக் கட்டுப்படும் என்பதும் அறிந்தும், நம் வீடுகளில் இந்தக் கடைசிக் காரணத்தை வாய்விட்டுச் சொல்லக் கூசுகிறார்கள். ரத்தச் சோகை, தைராய்டு குறைவு, கார்பமஸெபின் போன்ற மருந்துகளால் ரத்தத்தில் உப்புச் சத்து இறங்கிப்போதல் ஆகியவற்றை ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும்.

மருந்தின் மீது பழி சுமத்துவது எளிது; அதன் சரித்திரத்தைப் பார்த்தால் அந்தப் பழியில் பாதி உண்மையும் இருக்கிறது. 1857-இல் சார்லஸ் லோகாக் என்னும் ஆங்கில வைத்தியர் புரோமைடைப் பற்றிச் சொல்லி, அது வழக்கத்துக்கு வந்தபின், வலிப்பைத் தணிக்கும் ஔஷதம் புத்தியையும் மந்தப்படுத்தியே தீரும் என்று உலகம் ஒப்புக்கொண்டிருந்தது. 1912-இல் வந்த ஃபீனோபார்பிட்டலும் தூக்க மருந்தின் இனமே. தூக்கத்தைத் தராமலே வலிப்பைத் தடுக்கும் பொருள் இருக்கக்கூடும் என்பது, 1938-இல் பாஸ்டன் நகரத்தில் மெரிட், பட்னம் என்னும் இருவர் ஃபெனிடாயினின் குணத்தைக் கண்டறிந்த பிறகே ஊர்ஜிதமாயிற்று. பிற்காலத்து மருந்துகள் இன்னும் இலேசானவை. ஆயினும் டோபிரமேட் உட்கொள்ளும் சிலர் தெரிந்த சொல்லே நாக்கின் நுனிவரை வந்து வெளிவராமல் திணறுவதும், லெவடிராசிட்டம் உட்கொள்ளும் சிலர் அயர்வும் எரிச்சலுமாக இருப்பதும் கண்கூடு. மருந்துகள் இரண்டாகவும் மூன்றாகவும் சேரும்போது தொல்லை பெருகுகிறது. இதற்குப் பரிகாரம் மாத்திரையைத் தாமே குறைத்துக்கொள்வதன்று. திடீரென்று நிறுத்தினால் ஓயாத வலிப்பு மூண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஆனால் இரவு வேளைக்குப் பெரும்பங்கை மாற்றுவது, மெதுவாகக் கரையும் மாத்திரைக்கு மாறுவது, இரண்டு மருந்தை ஒன்றாக்குவது ஆகிய வழிகள் நரம்பு டாக்டரிடம் உண்டு. முன் சொன்ன இரண்டு வாரக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவருக்கு அவை எளிதில் கிடைக்கும். ரொம்ப அசதியாக இருக்கிறது டாக்டர் என்று பொதுவாகச் சொல்பவருக்குச் சத்து மாத்திரைதான் கிடைக்கும்.

நித்திரையின் விஷயத்தில் மட்டும் எந்தச் சலுகையும் இல்லை. கண் விழித்தல் வலிப்பைத் தூண்டுவது. வந்த வலிப்பு அடுத்த இரவின் தூக்கத்தைக் கெடுப்பது. தூக்கம் கெட்டால் முந்திய நாளின் நினைவுகள் பதிவாகாமல் போவது. இப்படி மூன்றும் ஒன்றையொன்று பின்னிக்கொள்கின்றன. விடலைப் பருவத்தில் தோன்றும் ஒருவகை வலிப்பில், முந்திய இரவு சரியாகத் தூங்காத காலையில் கை திடீரென்று வெட்டி, பிடித்திருந்த காப்பி டம்ளர் தெறித்து விழும். கவனக்குறைவென்று திட்டு வாங்கிப் பல மாதம் கழித்தே அது நோயென்று தெரியவரும். பரீட்சைக் காலத்தில் இரவெல்லாம் விழித்துப் படிக்கும் மாணவனுக்கும், சிவராத்திரிக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் கண் விழிக்க விரும்பும் பெரியவருக்கும் இந்த நோய் இருக்குமாயின், விழித்திருப்பதைக் கைவிடுவதே விவேகம். பகலில் இருபது நிமிஷம் சாய்ந்துகொள்வதில் பிழையில்லை. மாலைவரை நீளும் பகல் தூக்கம் இரவைக் கெடுத்துவிடும். அசதிக்கு ஓய்வே மருந்து என்று ஒரேயடியாகக் கிடப்பதும் பயன் தராது. தினந்தோறும் மிதமான நடை அயர்வைக் குறைப்பதாகவே பெரும்பாலோர் அனுபவிக்கின்றனர்.

இனி, மறதியோடு வாழ்வதைப் பற்றி. ஞாபக சக்தியை வளர்ப்பதாகச் சொல்லி விற்கும் லேகியங்களும், கைப்பேசியில் ஆடும் மூளைப் பயிற்சி விளையாட்டுகளும் இந்த மறதியை மாற்றியதற்கு நம்பத்தக்க அத்தாட்சி இல்லை. விளையாட்டில் பழகியவர் விளையாட்டில் தேர்ச்சி பெறுகிறார், அவ்வளவே. லேகியத்திலோ வேறொரு சங்கடமும் உண்டு: சில மூலிகைச் சரக்குகள் வலிப்பு மாத்திரையின் அளவை ரத்தத்தில் ஏற்றவோ இறக்கவோ கூடுமாகையால், டாக்டரிடம் சொல்லாமல் எதையும் தொடங்கலாகாது. பலிப்பது, நினைவில் ஒரு பகுதியைத் தலைக்கு வெளியே வைத்துக்கொள்வதுதான். ஒரே ஒரு நோட்டுப் புத்தகம், அல்லது கைப்பேசி, இரண்டிலுமாகச் சிதறவிடலாகாது. எழுதும் வேலையை அப்புறம் என்று ஒத்திவைக்கவும் கூடாது, ஏனென்றால் அந்த அப்புறத்தைத்தான் நோய் எடுத்துக்கொண்டுவிடுகிறது. 'மளிகை' என்று மட்டும் எழுதினால் மாலையில் அதைப் பார்த்துத் திகைக்க நேரும். 'ஆறு மணி, அண்ணாச்சி கடை, துவரம்பருப்பு ஒரு கிலோ, பாக்கி கொடுத்தாயிற்று' என்று எழுதினால் அந்தக் காகிதமே காரியத்தை நடத்தும். பெரிய சம்பவங்களைத் துரிதமாக மறப்பவர், அன்றிரவே நாலு வரி எழுதி, ஒரு படத்தையும் சேர்த்து, மறுநாளும், மூன்றாம் நாளும், வாரம் கழித்தும் புரட்டிப் பார்த்தால் சம்பவத்தின் ஒரு பகுதியேனும் தங்கும். படிக்கும் பிள்ளைகள், பாடத்தைப் பத்து முறை வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடி, இடைவெளி விட்டுவிட்டுச் சொல்லிப் பார்ப்பது நல்லது என்பது வலிப்பில்லாதவருக்கும் பொருந்தும் உண்மையே.

மொலைசனின் பென்சில் இங்கேதான் உபயோகப்படுகிறது. சம்பவ ஞாபகம் குன்றினாலும் கைப்பழக்கம் குன்றுவதில்லையாகையால், சாவிக்கு ஓர் ஆணி, மூக்குக் கண்ணாடிக்கு ஒரு தட்டு, மாத்திரைக்குக் காலைப் பல் துலக்குவதை ஒட்டிய ஒரு வேளை என்று ஒழுங்கு செய்து, மாறாமல் சில வாரம் நடத்தினால், நினைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் கை தானே போய்விடும். இந்த ஒழுங்கைக் குலைப்பவர் பெரும்பாலும் வீட்டாரே. அலமாரியைச் சுத்தம் செய்கிறேன் என்று பெட்டியை இடம் மாற்றும் மாமியாரும், நோட்டில் பால் கணக்கு எழுதிக் கிழிக்கும் பிள்ளையும் தாம் செய்த அபகாரத்தை அறியார். மாத்திரையைப் போட்டோமா இல்லையா என்ற சந்தேகமோ இந்நோயில் அபாயகரமானது. மறந்தால் வலிப்பு, மறந்ததாக எண்ணி இரட்டித்தால் தள்ளாட்டம். ஏழு நாளுக்கும் காலை, இரவு என்று அறை பிரித்த பிளாஸ்டிக் டப்பா மருந்துக் கடைகளில் விற்கிறது; செவ்வாய்க்கிழமை இரவறை காலியாக இருந்தால் போட்டாயிற்று, விவாதம் முடிந்தது.

ஆனால் அந்த டப்பாவை மேஜைமேல் வைக்க முடியாத வீடுகளும் இருக்கின்றன. 1955-ஆம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டத்தில், 1976-இல் செய்த திருத்தம் அடிக்கடி வலிப்பு வருவதை விவாகத்துக்குத் தகுதியின்மைகளில் ஒன்றாகச் சேர்த்திருந்தது; 1999-இல்தான் திருத்தம் செய்து அந்த வாசகத்தை நீக்கினார்கள். சட்டம் நீக்கியதை ஜனங்கள் இன்னும் நீக்கவில்லை. கல்யாணத்துக்குமுன் மறைத்து, புகுந்த வீட்டில் மாத்திரையை அரிசிப் பானையில் ஒளித்து, சமயம் வாய்த்தபோது விழுங்கும் பெண்ணுக்கு வேளை தவறாமல் இருப்பது எங்ஙனம்? குறிப்பேடும் நித்திரை ஒழுங்கும் அவளுக்கு எட்டாத சௌகரியங்கள். கணவன் ஒருவனுக்காவது தெரிந்திருந்தால் பாதித் தொல்லை தீரும்.

இரண்டு வருஷம் போல வலிப்பே வராதிருந்தவர்களுக்கு, மருந்தை நிறுத்தலாமா என்ற கேள்வி எழும். நிறுத்தினவர்களில் சிலருக்குப் புத்தியின் வேகமும் சுறுசுறுப்பும் சற்றுத் திரும்புவது உண்மை. சிலருக்கு வலிப்பு திரும்புவதும் உண்மை. யாருக்கு எது நேரும் என்பதை நோயின் வகை, ஈ.ஈ.ஜி. படம், ஸ்கேன் ஆகியவற்றைக் கொண்டு ஓரளவே ஊகிக்கலாம். குறைப்பதென்று தீர்மானித்தால் மாதக்கணக்கில், சிறுகச் சிறுகக் குறைப்பார்கள். அந்தக் காலம் முழுவதும் மோட்டார் சைக்கிள் ஓட்டாமலும், கிணற்றிலோ ஏரியிலோ தனியே இறங்காமலும், குளியலறைத் தாழ்ப்பாளைப் போடாமலும் இருக்கச் சொல்வது வழக்கம்.